வட ஆப்பிரிக்காவின் லத்தீன் கல்லறைக் கற்களைப் படிப்பது எப்படி? புதிதாக ஆய்வுக்கு வருபவர்களுக்கு

வட ஆப்பிரிக்காவின் பழைய வரலாற்றைப் படிக்க வருகிற பலரும் கார்த்தேஜில் தொடங்கி, ஹன்னிபாலிடம் மயங்கி, கடைசியில் பிறர் எழுதியதையே சுருக்கி எழுதுவதில் போய் நிற்கிறார்கள். மூலச் சான்றைத் தானே கையாள விரும்புகிறவருக்கு எளிய வாசல் ஒன்று உண்டு. துனிசியா, அல்ஜீரியா, லிபியா, மொராக்கோ நாடுகளில் ரோமானியர் ஆட்சிக் காலத்துக் கல்லறைக் கற்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை நாலைந்து வரிதான். சொற்களும் திரும்பத் திரும்ப வருபவை. முறையாக உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் எளிய கல் ஒன்றைத் துணையில்லாமல் படித்துவிடலாம்.

முதல் வரியில் பெரும்பாலும் மூன்றே எழுத்து இருக்கும்: டி.எம்.எஸ். நம் காதில் பாடகர் பெயராக விழுந்தாலும், அது ‘டிஸ் மானிபுஸ் சாக்ரும்’ என்பதன் சுருக்கம். மறைந்தோரின் ஆவித் தெய்வங்களுக்கு உரியது என்று பொருள். ரோம் நகரத்தில் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். மூன்றாவது எழுத்தும் சேர்ந்து வருவது ஆப்பிரிக்காவின் வழக்கம்.

தொடங்கும் முன்

லத்தீனில் முழு இலக்கணமும் தேவையில்லை. பெயர்ச்சொற்களின் முதல் மூன்று திரிபு வகைகளும், வாழ்ந்தார், கிடக்கிறார், செய்தார், நேர்த்திக்கடன் செலுத்தினார் போன்ற பத்துப் பன்னிரண்டு வினைகளும் தெரிந்தால் போதும். பிரெஞ்சு விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. 1830-இல் அல்ஜீரியாவில் இறங்கிய பிரெஞ்சுப் படையோடு தொடங்கிய அகழாய்வுக் குறிப்புகளும் இதழ்களும் தொகுப்புகளும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் உள்ளன. அகராதியின் துணையோடு ஒரு பக்கத்தைப் படிக்க முடிந்தாலே வேலை ஓடும்.

குறிப்பேட்டில் கல்லின் எழுத்துகளை ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் D, T இரண்டும் ‘டி’ என்றே விழும். பிறகு எது எது என்று பிரிக்கவே முடியாது.

முதல் படி: ஊர் எது?

கல் எங்கே கிடைத்தது என்பதைத் தீர்க்காமல் வாசகத்துக்குள் போகாதீர்கள். அல்ஜீரிய ஊர்கள் பலவற்றுக்கு மூன்று பெயர்கள் உண்டு. பழங்கால ஹிப்போ ரேஜியுஸ் பிரெஞ்சுக் காலத்தில் போன், இன்று அன்னாபா. ருசிகாடே ஃபிலிப்வில் ஆகி இன்று ஸ்கிக்டா. லம்பைசிஸ் பிரெஞ்சில் லாம்பேஸ், இன்று தசூல்ட். 1890-இல் வந்த அறிக்கையில் நடுப்பெயர்தான் இருக்கும். தேடும்போது மூன்றையும் போட்டுத் தேட வேண்டும். ‘பிளியடஸ்’ என்ற இலவச இணைய இடப்பெயர்த் தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும்.

சிற்றிடங்களின் பெயர்களில் ஹென்ஷீர் என்றால் இடிபாடு, அயின் என்றால் ஊற்று, உவெத் என்றால் ஆறு, ஜெபல் என்றால் மலை. ஒரே ஹென்ஷீர் பெயர் பல இடங்களில் வரும். எனவே பெயரை மட்டும் குறித்தால் போதாது. அல்ஜீரியாவாக இருந்தால் ஸ்டீஃபான் க்செல் 1911-இல் முடித்த தொல்லியல் வரைபடத் தொகுப்பின் தாள் எண்ணையும் இட எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். அந்த இரண்டு எண்களும் இன்றுவரை ஆய்வாளர்களிடையே முகவரியாகப் புழங்குகின்றன.

கிடைத்த இடமே நடப்பட்ட இடம் என்றும் எண்ணிவிடக் கூடாது. 533-இல் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப்) படை, அப்போது அங்கே ஆண்ட வண்டல்கள் என்ற ஜெர்மானியக் குடியினரை வென்ற பிறகு அவசர அவசரமாகக் கோட்டைகள் எழுந்தன. திம்காத் கோட்டை 539-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. தெபெஸ்ஸா, ஹைத்ரா, அயின் தூங்கா எல்லாவற்றிலும் பைசாந்தியக் கோட்டைகள் உண்டு. பழைய கட்டடங்களின் கற்களோடு கல்லறைக் கற்களும் வண்டி வண்டியாக இந்தச் சுவர்களுக்குள் போயின. பிரெஞ்சு விவரணையில் ‘ரேஆம்ப்லுவா’ என்ற சொல்லைக் கண்டால் கல் மறுபடி பயன்படுத்தப்பட்டது என்று பொருள்.

இரண்டாம் படி: கல்லை யார் பார்த்தார்?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிளாஸ்–ஸ்லாபி இணையத் தரவுத்தளத்தில் வாசகம் பளிச்சென்று முழுமையாக வந்து நிற்கும். அதையே கல் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது பல கைகள் மாறி வந்த படி. ஒரு ராணுவ அதிகாரி பார்த்து எழுதி அனுப்பியிருப்பார், பெர்லினில் ஒருவர் அச்சிட்டிருப்பார், வேறொருவர் திருத்தியிருப்பார், இன்னொருவர் தட்டச்சு செய்திருப்பார். நீங்கள் பின்னோக்கி நடக்க வேண்டும்.

அடிப்படைத் தொகுப்பு பெர்லினில் வெளியான லத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகையின் 8-ஆம் தொகுதி. சுருக்கமாக சி.ஐ.எல். 8 என்பார்கள். குஸ்டாவ் வில்மன்ஸ் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் மாம்சன் முடித்து 1881-இல் வந்தது. பின்னிணைப்புகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததில் வரிசை எண் 28,000-ஐத் தாண்டியது. அல்ஜீரியாவுக்கு க்செல் 1922-இல் தொடங்கிய தனித் தொகுப்பு உண்டு. லிபியாவின் மேற்குப் பகுதிக்கு ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வார்டு-பெர்க்கின்ஸும் 1952-இல் வெளியிட்ட டிரிப்போலிட்டானியக் கல்வெட்டுகள் இன்று இணையத்தில் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. புதிய கண்டுபிடிப்புகளை ஆண்டுதோறும் திரட்டித் தருவது ‘லான்னே எப்பிகிராஃபிக்’. 1888 முதல் வருகிறது.

ஒரே கல் இவற்றில் இரண்டு மூன்று இடங்களில் வரலாம். ஒரே தொகுதிக்குள்ளேகூட இரண்டு எண் இருக்கும். லம்பைசிஸ் படைமுகாமில் பேரரசர் ஹாட்ரியன் 128-இல் வீரர்களிடம் பேசிய உரை பொறித்த கல்வெட்டு முதற்பகுதியில் 2532, பின்னிணைப்பில் 18042. சமன்குறி போட்டு இந்த எண்களை இணைத்து வைக்காவிட்டால் ஒரு கல்லை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். புள்ளிவிவரம் போட்டு முடித்த பிறகு இது தெரியவந்தால் மொத்தத்தையும் மறுபடி எண்ண வேண்டியிருக்கும்.

8-ஆம் தொகுதியில் ஒவ்வொரு வாசகத்துக்கும் மேலும் கீழும் சின்ன எழுத்தில் லத்தீன் குறிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள், பொன் அங்கேதான். ‘டெஸ்கிரிப்சி’ என்றால் பதிப்பாசிரியரே நேரில் படியெடுத்தார். ‘மிசிட்’ என்றால் இன்னார் அனுப்பினார். ‘எக்டிப்பும்’ என்ற சொல் வந்தால் அழுத்துத்தாள் (ஈரத்தாளைக் கல்லில் அழுத்தி எடுத்த) படியிலிருந்து படித்தார்கள். ‘பெரீட்’ என்றால் கல் தொலைந்துவிட்டது. இந்த நான்கையும் தனி நிரலில் குறித்து வையுங்கள். அனுப்பி வைத்த படியில் விசித்திரமான ஒரு பெயர் வந்தால், அது புதிய பெயரா, அனுப்பியவர் கண் செய்த பிழையா என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாம் படி: அடைப்புக்குறிகள்

1931-இல் லைடனில் வகுத்த குறியீட்டு முறையைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். ( ) சுருக்கத்தை விரித்தது. [ ] கல்லில் அழிந்துபோய், பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. [---] எவ்வளவு போயிற்று என்றே தெரியாத இடைவெளி. ⟦ ⟧ பழங்காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழித்தது. எழுத்தின் அடியில் புள்ளி இருந்தால் எழுத்து ஐயத்துக்குரியது. சாய்கோடு வரி முடிவு.

சதுர அடைப்புக்குள் இருப்பது கல் சொல்வதல்ல, பதிப்பாசிரியர் சொல்வது. அதை வைத்து எந்த வாதமும் கட்டாதீர்கள். தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடி 40 சான்று கிடைத்தால், அதில் எத்தனை சதுர அடைப்புக்குள் இருக்கின்றன என்று பிரித்த பிறகே எண்ணிக்கையைச் சொல்லலாம்.

நான்காம் படி: வாசிப்பு

பயிற்சிக்காக அமைத்த மாதிரிக் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரி வரியாக:

D M S / IVLIA DONATA / P V A LXXV / H S E / O T B Q

இரண்டாவது வரி பெயர். ஆப்பிரிக்காவில் இறந்தவர் பெயர் பெரும்பாலும் எழுவாய் வடிவிலேயே நிற்கும். ‘யூலியா’ குடும்பப் பெயர். குடியுரிமை பெற்ற மூதாதை வழியாக வந்தது. ஆப்பிரிக்காவில் யூலியுஸ்கள் மிகுதி என்பதால் இதை மட்டும் வைத்து உறவு முடிச்சுப் போடக் கூடாது. ‘டோனாட்டா’ என்றால் கொடுக்கப்பட்டவள். ரொகாட்டுஸ் (வேண்டிப் பெற்றவன்), சாட்டுர்னினுஸ், ஃபெலிக்ஸ், ஃபோர்டுனாட்டுஸ், யானுவாரியுஸ் எல்லாம் இதே போல ஆப்பிரிக்காவில் குவிந்து கிடக்கும் பெயர்கள். பால் என்ற தெய்வம் கொடுத்தது, காத்தது என்று பொருள்படும் பியூனிக் (கார்த்தேஜ் மக்களின் மொழி) பெயர்களின் வழக்கமே லத்தீன் உடையில் இங்கே தொடர்கிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஏற்கத்தக்கதுதான். ஆனால் டோனாட்டுஸ் என்று கண்ட இடமெல்லாம் ‘இவர் பியூனிக் மொழி பேசினார்’ என்று எழுதினால் அது தாவல்.

மூன்றாவது வரி ‘பியா விக்சிட் அன்னிஸ்’, அதாவது பக்தியுடன் 75 ஆண்டு வாழ்ந்தாள். எல் 50, எக்ஸ் 10, வி 5. ஆண் என்றால் ‘பியுஸ்’ என்று விரிக்க வேண்டும். அதே விதி அடுத்த வரிக்கும் பொருந்தும்: பெண்ணுக்கு ‘ஹிக் சிட்டா எஸ்ட்’, ஆணுக்கு ‘ஹிக் சிட்டுஸ் எஸ்ட்’, இங்கே வைக்கப்பட்டிருக்கிறார். தரவுத்தளத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது பால் மாறிப்போவது அடிக்கடி நடக்கும் பிழை. கடைசி வரி ‘ஒஸ்ஸா டுவா பெனே க்வியெஸ்கன்ட்’, உன் எலும்புகள் நன்றாக இளைப்பாறட்டும். இதுவும் ஆப்பிரிக்க மணம் வீசும் வாய்பாடு. P-யை அடுத்து M வந்தால் அது வேறு: ‘ப்ளுஸ் மினுஸ்’, ஏறக்குறைய. கிறித்தவக் கற்களில் வயதுக்கு முன் இது வரும்.

எழுத்துருவில் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. ஆப்பிரிக்கக் கற்களில் ‘எல்’ எழுத்தின் அடிக்கோடு சரிவாக இறங்கி, கிரேக்க லாம்டா போலத் தெரியும். E, F, I, L, T ஐந்துக்கும் ஒரு நெடுங்கோடே அடிப்படை. தேய்ந்த கல்லில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது மிக எளிது. இரண்டு மூன்று எழுத்துகளைப் பின்னி ஒன்றாக வெட்டுவதும் உண்டு. சொற்களுக்கு நடுவே ஐவி இலை போன்ற அலங்காரம் வரும். அது எழுத்தல்ல.

‘விக்சிட்’ என்பதை ‘பிக்சிட்’ என்று வெட்டியிருந்தால் திருத்தாதீர்கள். ப-வும் வ-வும் பேச்சில் கலந்ததற்கு அதுவே சான்று. சொல்லின் இறுதி ‘எம்’ விழுவதும், ‘ஏஇ’ என்பது ‘ஈ’ ஆவதும் இந்த வகை. அதே வேளையில் தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடாவிட்டால் பிந்திய காலக் கற்கள் பாதி உங்கள் வலையில் விழாது.

வயதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்கள் ஐந்தின் மடங்காகவே குவியும். நூறைத் தாண்டிய முதியவர்களும் அசாதாரண அளவில் வருவார்கள். பலருக்குப் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. குழந்தைகள் பலருக்குக் கல்லே நடப்படவில்லை. இவற்றைக் கூட்டி வகுத்துச் ‘சராசரி ஆயுள்’ கண்டுபிடிக்கும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. நீங்கள் அதில் சேர வேண்டாம்.

ஐந்தாம் படி: காலம்

எழுத்து அழகை வைத்து நூற்றாண்டு சொல்வது நம்பகம் குறைந்த வழி. ஊருக்கு ஊர், சிற்பிக்குச் சிற்பி கை மாறும். வேறு பிடி கிடைக்காதபோது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் நூறு ஆண்டு இப்படி அப்படி இருக்கலாம் என்று எழுதிவையுங்கள்.

உறுதியான பிடி மௌரித்தானிய மாகாணங்களில் (இன்றைய மொராக்கோவின் வடக்கும் அல்ஜீரியாவின் மேற்கு, நடுப்பகுதிகளும்; இன்றைய மௌரித்தானியா நாடு அல்ல) கிடைக்கிறது. மௌரித்தானிய மன்னர் தாலமியை ரோமப் பேரரசர் கலிகுலா கொன்ற பின் அந்த அரசு ரோமின் கைக்குப் போனது. அங்கே மாகாண ஆண்டுக் கணக்கு கி.பி. 40-இல் தொடங்குகிறது. சக ஆண்டோடு 78 கூட்டுவது போல, இங்கே 39 கூட்ட வேண்டும். மேற்கு அல்ஜீரியாவின் அல்தாவாவில் கிடைத்த புகழ்பெற்ற கல்வெட்டு மசுனா என்பவரை ‘மூர் மக்களுக்கும் ரோமானியருக்கும் அரசர்’ என்கிறது. மாகாண ஆண்டு 469, ஆகவே கி.பி. 508. மொராக்கோவின் வொலுபிலிசில் யூலியா ரொகாட்டிவா என்ற பெண்ணின் கல் 616 என்கிறது, அதாவது 655. அரபுப் படைகள் கிழக்கே நுழைந்துவிட்ட பிறகும் மேற்கு மூலையில் ஒருவர் லத்தீனில் கல் நட்டு, ரோமானியக் கணக்கில் ஆண்டு குறித்திருக்கிறார். இந்தக் கணக்கை துனிசியப் பகுதிக்கோ நுமிடியாவுக்கோ (அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதி) கொண்டுபோய்ப் பொருத்தினால் எல்லாம் தவறும்.

நுமிடியாவில் வேறொரு பிடி உண்டு, மூன்றாம் அகுஸ்டா படைப்பிரிவின் பெயர். 238-இல் பேரரசுரிமை கோரிய கோர்டியன்களுக்கு எதிராக நின்றதற்காக அந்தப் பிரிவு கலைக்கப்பட்டு, அதன் பெயர் கற்களிலிருந்து செதுக்கி எடுக்கப்பட்டது. 253-இல் பிரிவு மீண்டும் அமைக்கப்பட்டதும் பெயரை அதே பள்ளத்தில் மறுபடி வெட்டினார்கள். படத்தில் ஒரு வரி மட்டும் குழிந்து, எழுத்து நெருங்கியோ சற்றுக் கோணலாகவோ இருந்தால் இதை நினையுங்கள்: முதல் வெட்டு 238-க்கு முன், மறுவெட்டு 253-க்குப் பின். அழிக்கப்படாமல் இருந்தால் 253-க்குப் பிந்தியது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. தனியார் கல்லறைகளைத் தேடிப்போய் யாரும் ஒவ்வொன்றாக அழிக்கவில்லை.

பொதுக் கட்டடக் கல்வெட்டுகளில் ‘அகுஸ்டுஸ்’ என்ற பேரரசர் பட்டச் சுருக்கத்தின் ‘ஜி’ எழுத்தை எண்ணுங்கள். இரண்டு ஜி என்றால் இரண்டு பேரரசர்கள். மூன்று என்றால் முதலில் நினைக்க வேண்டியது பேரரசர் செவெருஸும் இரு மகன்களும் சேர்ந்து ஆண்ட 209–211. இளைய மகன் கேட்டா கொல்லப்பட்ட பின் மூன்றாவது ஜி மட்டும் சுரண்டப்பட்டிருப்பதைப் பல கற்களில் காணலாம்.

லத்தீன் மட்டும் அல்ல

லிபியாவின் லெப்சிஸ் மாக்னாவில் அன்னோபால் தப்பாப்பியுஸ் ரூஃபுஸ் என்ற செல்வந்தர் கி.மு. 8-இல் சந்தையையும் கி.பி. 1–2-இல் நாடக அரங்கையும் கட்டிக் கொடுத்தார். அரங்கின் கல்வெட்டு லத்தீனிலும் பியூனிக்கிலும் இருக்கிறது. ‘சுஃபெஸ்’ என்ற பியூனிக் பதவிப் பெயர் லத்தீன் வரியிலேயே நிற்கிறது. துனிசியாவில் துக்காவின் (பழைய துக்கா என்பதே இன்றைய டூகா) கல்லறைக் கோபுரத்திலிருந்த லிபிய (வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளின் பழைய மொழி)–பியூனிக் இருமொழிக் கல்லுக்காக 1842-இல் பிரிட்டிஷ் தூதர் தாமஸ் ரீட் கோபுரத்தையே பிரித்துப் போட்டார். கல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோபுரத்தை 1908–1910-இல் லூயி புவென்சோ திரும்ப எழுப்பினார். கல்லில் முதலில் வரும் அத்தெபான் என்பவரே அங்கே அடக்கமானவர் என்று நெடுநாள் கருதினார்கள். அவர் கட்டடக் கலைஞர், அடுத்தடுத்த பெயர்கள் அவருடைய வேலைக்காரர்கள் என்ற வாசிப்பு இப்போது வலுவாக இருக்கிறது.

பிரெஞ்சுக் காலத்து அகழ்வுகள் ரோமானிய அடுக்கைத் தேடி மேலிருந்த அடுக்குகளை வாரிக் கொட்டின. ஆகவே ஓர் ஊரில் லத்தீன் கற்கள் மட்டுமே இருப்பதாகத் தொகுப்பு காட்டினால், மற்றவை இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

கல் முன்னால் நிற்கும்போது

அனுமதி முதலில். துனிசியாவில் தேசியப் பாரம்பரிய நிறுவனம், லிபியாவில் தொல்லியல் துறை, அல்ஜீரியாவிலும் மொராக்கோவிலும் பண்பாட்டு அமைச்சகம் வழி. எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசாதீர்கள். தூள் துளைகளில் தங்கும். அதைவிட மோசம், நீங்கள் தவறாகப் பூசிய எழுத்துதான் படத்தில் நிலைத்துவிடும். பக்கவாட்டில் தாழ்ந்து விழும் வெளிச்சம் போதும். காலையும் மாலையும் படமெடுங்கள். நிழலில் என்றால் கைவிளக்கை நான்கு பக்கமும் மாற்றிப் பிடித்து நான்கு படம். முப்பரிமாணப் பதிவுக்கு அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

நம் ஊரில் மைப்படி எடுத்தவர்களுக்கு அழுத்துத்தாள் முறை பழகியதாகவே இருக்கும். இங்கே மை கிடையாது. தடித்த வடிதாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, முழுதும் காய்ந்த பிறகு உரிப்பார்கள். ஈரத்தில் உரித்தால் கிழியும். காற்றடிக்கும் நாளில் ஓரம் முன்பே காய்ந்து தானே கழன்றுவிடும். பொறிந்து உதிரும் மணற்கல்லில் இதைச் செய்யவே கூடாது.

கல்லின் உயரம், அகலம், தடிமன் சென்டிமீட்டரில். எழுத்தின் உயரம் ஒவ்வொரு வரிக்கும் தனியாக.

பதிவேடு

விரிதாளில் ஒரு கல்லுக்கு ஒரு வரிசை. உங்கள் எண், எல்லாப் பதிப்பு எண்களும், கிடைத்த இடம், இன்று இருக்கும் இடம், யார் நேரில் பார்த்தார், அளவுகள், கல்லில் உள்ளபடி வாசகம், விரித்த வாசகம், பெயர், பால், வயது. காலத்துக்கு இரண்டு நிரல் வேண்டும்: எப்போதிலிருந்து, எப்போது வரை. ‘2–3-ஆம் நூற்றாண்டு’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் வரிசைப்படுத்த முடியாது. அதற்குப் பக்கத்தில் ஏன் அந்தக் காலம் என்ற காரணமும். வாய்பாடா, மாகாண ஆண்டா, வெறும் எழுத்துருவா?

முதல் முயற்சிக்கு டிரிப்போலிட்டானியத் தொகுப்பை எடுங்கள். படமும் வாசகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் உங்கள் கண்ணைச் சோதிக்கலாம். படம் தெளிவாக உள்ள 30 கற்களைத் தேர்ந்து, வாசகத்தை மறைத்துவிட்டு, படத்திலிருந்தே நீங்களாகப் படித்து எழுதுங்கள். பிறகு அச்சான வாசகத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் உடனே திருத்தாமல், படத்தைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள். பெரும்பாலும் பிழை உங்களுடையதாகத்தான் இருக்கும். எங்காவது ஒன்றிரண்டு இடத்தில் இல்லாமலும் போகலாம். அந்த இடங்களைத் தனித்தாளில் குறித்து வையுங்கள்.